நெற்றிப்பொட்டில் ஃபில்லர் ஊசி: பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணின் வெளிமுனைக்கும் காதுக்கு மேலே முடி தொடங்கும் இடத்துக்கும் நடுவில் இருப்பது நெற்றிப்பொட்டு. நாற்பது வயதைத் தாண்டும்போது பலருக்கு அந்த இடம் உள்ளே இறங்கும். முகம் எலும்பும் தோலுமாகத் தெரியத் தொடங்கும். அந்தப் பள்ளத்தை ஊசியால் நிரப்பிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்த் தோல் கிளினிக்குகளுக்கும் வந்துவிட்டது. எப்படி அழகாகும் என்பதைச் சொல்ல விளம்பரங்கள் இருக்கின்றன. போட்டுக்கொள்ளலாமா, போட்டால் என்னென்ன ஆகலாம், யாரிடம் போகலாம் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

நெற்றிப்பொட்டு ஏன் பள்ளமாகிறது? அது ஒரு நோயா?

பெரும்பாலும் இல்லை. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கும் கீழே மெல்லும் தசை, அதற்கும் கீழே மண்டையோடு. வயதாக ஆகக் கொழுப்பு கரைகிறது, தசை மெலிகிறது, எலும்பின் வளைவும் கொஞ்சம் மாறுகிறது. நீண்ட தூரம் ஓடுபவர்கள், பட்டினி கிடந்து எடை குறைத்தவர்கள், செமாக்ளூடைட் போன்ற எடைக்குறைப்பு ஊசிகளால் சில மாதங்களில் மளமளவென்று இளைத்தவர்கள் ஆகியோருக்கு முப்பதுகளிலேயே இது தெரியும்.

ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்தாலோ, மெல்லும்போது வலித்தாலோ, காரணமே இல்லாமல் எடையும் சேர்ந்து குறைந்தாலோ கதை வேறு. முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேல் பொட்டில் புதிதாகத் தலைவலி வந்து, அந்த இடத்தைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் அது அங்குள்ள ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் பார்வையே போகும். அதை முதலில் பாருங்கள், அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபில்லர் என்று எதை உள்ளே செலுத்துகிறார்கள்?

அதிகம் பயன்படுவது ஹயலுரோனிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கும் பொருள்தான். சீக்கிரம் கரைந்துவிடாதபடி இழைகளைப் பின்னிக் கெட்டியாக்கி சிரிஞ்சில் அடைத்து விற்கிறார்கள். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. வேண்டாம் என்றால், அல்லது விபரீதம் நடந்தால், ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம்.

கால்சியம் ஹைட்ராக்ஸிஅப்படைட், பாலி எல் லாக்டிக் அமிலம் என்ற இரண்டும் உடலைத் தூண்டி தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை அங்கேயே வளர வைப்பவை. நல்ல பலன் தருபவைதான். ஆனால் இரண்டையும் அந்த நொதி கரைக்காது. வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்துப் பொட்டில் செலுத்துவதும் உண்டு. ‘சொந்தக் கொழுப்புதானே, என்ன ஆகிவிடும்’ என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைக் கீழே பார்ப்போம். திரவ சிலிக்கான் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முகத்தில் நிரப்ப அதை அனுமதிக்கவே இல்லை. வேண்டாம் என்று எச்சரிக்கையும் விடுத்திருக்கிறது.

முதல் தடவை பொட்டில் போட்டுக்கொள்பவர் ஹயலுரோனிக் அமிலத்தைத் தாண்டி வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பொட்டில் அடிபட்டால் உயிர் போகும் என்பார்கள். அங்கே ஊசி குத்தலாமா?

பெரியவர்கள் சொன்னது சரிதான். மண்டையோட்டின் நான்கு எலும்புகள் சேரும் இடம் அது. மற்ற இடங்களைவிட எலும்பு மெலிசு. அதற்கு நேர் உள்பக்கத்தில் மூளை உறைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. பலமாக அடிபட்டால் எலும்பு விரிசல் கண்டு, தமனி கிழிந்து, மூளையை அழுத்தும் ரத்தக்கட்டு உண்டாகும்.

ஊசி என்பது அடி அல்ல. சாதாரணமாக எலும்பைத் தொட்டதும் மருத்துவரின் கைக்கு அது தெரியும், அங்கேயே நின்றுவிடுவார். இருந்தாலும், இறந்தவர் உடலில் செய்த ஓர் ஆய்வில், பொட்டில் செங்குத்தாகக் குத்திய ஊசி எலும்பைத் தாண்டி உள்ளே போக முடியும் என்று பதிவாகியிருக்கிறது. எலும்பு தட்டிய பிறகும் அழுத்தக் கூடாது என்று பயிற்சியில் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஆனாலும் பொட்டில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது எலும்புக்கு அல்ல, ரத்தக்குழாய்களுக்கு.

எந்த ரத்தக்குழாய்கள்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

காதுக்கு முன்னால், கன்ன எலும்பு முடியும் இடத்தில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். நாடி துடிப்பது தெரியும். விரலை எடுக்காமல் அப்படியே மேலே, பொட்டைச் சுற்றி நெற்றிப் பக்கமாகத் துடிப்பைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஒல்லியானவர்களுக்கு, முக்கியமாக வயதான ஆண்களுக்கு, அது வளைந்து நெளிந்து ஓடுவது கண்ணுக்கே தெரியும். மேல் பொட்டுத் தமனி என்பது அதுதான். தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில், ஒரு மெல்லிய உறைக்குள் ஓடுகிறது. இப்போது விரலை அங்கேயே வைத்துக்கொண்டு பல்லை இறுகக் கடியுங்கள். புடைத்துக்கொண்டு எழுவது மெல்லும் தசை. அந்தத் தசைக்குள்ளும், அதற்கும் எலும்புக்கும் இடையிலும் ஆழ்பொட்டுத் தமனிகள் ஏறுகின்றன.

இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தசையை மூடியிருக்கும் தடித்த உறை கீழ்ப்பகுதியில் இரண்டாகப் பிரிகிறது. அந்த இடைவெளியில் உள்ள கொழுப்புக்குள், கன்ன எலும்பு வளைவுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. மேலே, நடுப்பொட்டுச் சிரை படுத்திருக்கிறது. சிலருக்கு அது நல்ல தடிமனான குழாய். தமனியில் நுழைந்த பொருள் முகத்துக்கோ கண்ணுக்கோ போகும். சிரையில் நுழைந்தால் இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைக்கும். பொட்டில் கொழுப்பைச் செலுத்தியபோது இப்படி நடந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. கொழுப்பை அதிக அளவில் செலுத்துகிறார்கள், அதைக் கரைக்கவும் வழியில்லை. முன்னே சொன்ன ‘சொந்தக் கொழுப்புதானே’ என்ற எண்ணத்தின் சிக்கல் இதுதான்.

புருவத்தைத் தூக்கும் நரம்பின் கிளையும் பொட்டைக் குறுக்கே கடந்துதான் போகிறது. அது ஊசியால் காயப்படுவது மிக அபூர்வம்.

ஆக, வாழைப்பட்டை போல அடுக்கடுக்கான இடம் இது. ஒவ்வொரு அடுக்கிலும் ஏதோ ஒரு குழாய் இருக்கிறது. முழுக்கப் பாதுகாப்பான அடுக்கு என்று ஒன்று இல்லை. எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று தெரிந்தவர் கை இருக்கிறது, தெரியாதவர் கை இருக்கிறது.

பொட்டில் போட்ட ஊசியால் கண்பார்வை எப்படிப் போகும்? கண் தனியாகத்தானே இருக்கிறது?

ரத்தக்குழாய்கள் தனித்தனிக் குழாய்கள் அல்ல, ஒன்றோடொன்று பின்னிய வலை. பொட்டுத் தமனியின் நெற்றிக் கிளை, புருவத்துக்கு மேலே இருக்கும் சிறு தமனிகளோடு கைகோத்துக்கொள்கிறது. அந்தச் சிறு தமனிகள் கண் தமனியிலிருந்து கிளம்பி வெளியே வருபவை. ஆழத்தில் இருக்கும் பொட்டுத் தமனிகளுக்கும் கண்குழியின் வெளிப்பக்கம் வழியாகக் கண் தமனியோடு தொடர்பு உண்டு.

ஊசிமுனை தெரியாமல் குழாய்க்குள் இருக்கும்போது மருத்துவர் சிரிஞ்சை வேகமாக அழுத்துகிறார் என்று வையுங்கள். அந்த அழுத்தம் ரத்த அழுத்தத்தை மிஞ்சிவிட்டால், ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண் தமனி வரை போய்விடும். அழுத்துவதை நிறுத்தியதும் ரத்தம் வழக்கம்போல முன்னோக்கிப் பாய்ந்து, வழியில் இருக்கும் ஜெல்லை விழித்திரைத் தமனிக்குள் கொண்டு சேர்க்கும். இன்னும் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் மூளைக்குப் போகும் குழாயிலேயே கலந்து பக்கவாதம் வரும். இவ்வளவுக்கும் தேவைப்படும் ஜெல் ஒரு மில்லிலிட்டரில் மிகச் சிறு பங்குதான். அதனால்தான் ‘மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக’ என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது?

மருத்துவ இதழ்களில் வந்த சம்பவங்களை கனடாவைச் சேர்ந்த கேட்டி பெலெஸ்னே என்ற தோல் மருத்துவரும் குழுவினரும் திரட்டினார்கள். 2015இல் வெளியான அந்தத் தொகுப்பில், முகத்தில் எங்கேயோ ஃபில்லர் போட்டுப் பார்வை பாதிக்கப்பட்ட 98 சம்பவங்கள் உலகம் முழுவதிலுமிருந்து கிடைத்தன. 2019இல் மேலும் 48 சேர்ந்தன. அதிகம் மூக்கிலும் இரு புருவங்களுக்கு நடுவிலும் போட்டவை. பொட்டின் பங்கு மிகச் சிறியது. முதல் தொகுப்பில் ஏறக்குறைய பாதி, சொந்தக் கொழுப்பைச் செலுத்தியதால் வந்தது.

உலகம் முழுக்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசியில் இது அபூர்வம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் இதழுக்கு எழுதி அனுப்பப்பட்டவை மட்டுமே இந்தக் கணக்கில் வரும். பியூட்டி பார்லரில் நடந்த விபத்தை யாரும் இதழுக்கு எழுதி அனுப்புவதில்லை. எனவே இந்த எண்களைக் காட்டி யாராவது ‘ஒன்றும் ஆகாது’ என்றால் முழுதாக நம்பிவிட வேண்டாம்.

நெற்றிப்பொட்டுக்கென்றே அனுமதி பெற்ற ஃபில்லர் இருக்கிறதா?

இருக்கிறது. ஹயலுரோனிக் அமில ஃபில்லருக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி 2003இல் கிடைத்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகள், பொட்டில் போட்டதெல்லாம் வேறு இடத்துக்கு அனுமதி வாங்கிய மருந்தை மருத்துவர்கள் தங்கள் அனுபவத்தில் பயன்படுத்தியதுதான். 2024 மார்ச்சில்தான் ஜுவெடெர்ம் வொலுமா எக்ஸ்சி என்ற ஜெல்லுக்கு, 21 வயதைத் தாண்டியவர்களின் பொட்டுப் பள்ளத்தை நிரப்ப எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. பலன் ஓராண்டுக்குச் சற்று மேல் நிற்கும் என்பது அந்த ஆய்வில் தெரிந்தது.

அனுமதி கிடைத்ததற்கு, ஒழுங்கான ஆய்வு நடந்து பக்கவிளைவுகள் கணக்கெடுக்கப்பட்டன என்று பொருள். மேலே சொன்ன தமனிகள் அதற்காக இடம் மாறிப் போய்விடவில்லை. ‘எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது’ என்று கிளினிக் சுவரில் எழுதியிருந்தால், எந்தப் பொருள், எந்த இடத்துக்கு என்று இரண்டையும் கேளுங்கள். உதட்டுக்கு வாங்கிய அனுமதி பொட்டுக்கு உதவாது.

ஊசியா, கேனுலாவா? எது பாதுகாப்பு?

இதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு.

ஒரு கட்சி, எலும்பின் மேல், தசைக்கு அடியில் போடுபவர்கள். கூர்மையான ஊசியைச் செங்குத்தாக இறக்கி, எலும்பைத் தொட்டு, அங்கேயே மெதுவாக வைப்பார்கள். கனடாவின் ஆர்தர் ஸ்விஃப்ட் சொல்லிக்கொடுத்த முறை இதில் பிரபலம்: கண்குழியின் வெளி ஓரத்திலிருந்து, நெற்றிக்கும் பொட்டுக்கும் எல்லையாக இருக்கும் எலும்பு விளிம்பு வழியே 1 செ.மீ. மேலே, அங்கிருந்து 1 செ.மீ. வெளியே. அந்தப் புள்ளியில் பெரிய குழாய்கள் குறைவு. மற்றொரு கட்சி, தோலுக்கு அடியில் அல்லது உறைகளுக்கு நடுவில் கேனுலாவால், அதாவது மழுங்கிய முனை கொண்ட மெல்லிய குழாயால், போடுபவர்கள்.

மழுங்கிய முனை குழாயைத் துளைக்காமல் விலகிப் போகும் என்பது கேனுலாவின் நியாயம். அது தடிமனான கேனுலாவுக்குத்தான் பொருந்தும். தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் மெலிசு. 27 கேஜ் அளவுக்கு மெலிந்த கேனுலா ஊசியைப் போலவே குழாயைத் துளைக்கும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். 25 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த 22 கேஜ் என்றால் பரவாயில்லை. தடித்தது என்றதும் பயப்பட வேண்டாம். கேஜ் எண் குறையக் குறைய வலி கூடும் என்பது கேனுலாவில் அவ்வளவாக இல்லை.

எந்தக் கட்சி சரி என்று நோயாளி முடிவு செய்யத் தேவையில்லை. ‘எந்த அடுக்கில் போடுவீர்கள், ஏன்?’ என்று கேட்டால் அரை நிமிடத்தில் தெளிவாகப் பதில் சொல்பவராக இருந்தால் போதும்.

பிஸ்டனை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்களே, அது போதாதா?

போதாது. ஜெல் கெட்டியானது, ஊசி மெல்லியது. உள்ளே இருந்தும் ரத்தம் வராமல் போகலாம். ரத்தம் வந்தால் நிச்சயம் நிறுத்த வேண்டும், வராவிட்டால் நிம்மதி அடைய முடியாது.

அல்ட்ராசவுண்ட் வைத்துப் போடுவது அவசியமா?

கட்டாயம் இல்லை, நல்லது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வசதி உள்ள கருவியில் பொட்டுத் தமனியும் நடுச்சிரையும் அந்த ஆளுக்கு எங்கே ஓடுகின்றன என்று திரையில் தெரிந்துவிடும். இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத இடத்தில் குறைந்தது விரலால் நாடி பார்த்து, பென்சிலால் தமனியின் பாதையைத் தோலில் வரைந்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். அந்தக் கோட்டை வரையாமல் தொடங்குபவரிடம் நான் தலையைக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொட்டு, முடிக்குப் பக்கத்தில் இருப்பதால் எண்ணெயும் அழுக்கும் கிருமியும் அதிகம். முடியை ஒதுக்கிக் கட்டி, இடத்தை நன்றாகத் துடைக்க வேண்டும். ஆனால் குளோர்ஹெக்ஸிடின் கண்ணில் வழிந்தால் கருவிழியைப் பாதிக்கும். கண்ணருகே அதைத் தவிர்த்து வேறு கிருமிநாசினியைப் பயன்படுத்துபவர், வேலை தெரிந்தவர்.

ஊசி போடும்போதே ஏதோ தவறு என்று எப்படித் தெரியும்?

குத்தும் வலிக்குச் சம்பந்தமே இல்லாத கடும் வலி. பொட்டிலோ, நெற்றியிலோ, உச்சந்தலையிலோ தோல் சட்டென்று வெளுத்துப்போவது. நம் மாநிறத்தில் வெளுப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. எனவே விரலால் தோலை அழுத்திவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும்: பழைய நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேலானால் ரத்தம் ஒழுங்காகப் போகவில்லை. அடுத்த சில மணி நேரத்தில் வலைபோன்ற நீலம் கலந்த திட்டுகள் தோன்றும். இரண்டு மூன்று நாளில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். அதற்குப் பிறகும் விட்டால் தோல் கறுத்து இறக்கும், அந்த இடத்தில் முடி கொட்டும்.

மரத்துப்போகும் மருந்து ஜெல்லிலேயே கலந்திருப்பதால் வலி தெரியாமலும் போகலாம். ஆகவே வலிக்கவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு முடியை விலக்கி உச்சந்தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். பலர் முகத்தை மட்டும் கண்ணாடியில் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். பொட்டுத் தமனி ரத்தம் கொடுப்பது தலைத் தோலுக்கும்தான்.

அப்படி ஆனால் என்ன செய்வார்கள்?

ஹயலுரோனிக் அமிலமாக இருந்தால், தாமதிக்காமல் ஹயலுரோனிடேஸ். கொஞ்சம் போட்டுவிட்டு ‘நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்லும் விஷயம் அல்ல. பாதிக்கப்பட்ட பரப்புக்குத் தகுந்தபடி நூற்றுக்கணக்கான யூனிட்டுகள், தோலின் நிறம் திரும்பும் வரை மணிக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்பப் போடும் முறைதான் இப்போது பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கூடவே இளஞ்சூடு ஒத்தடம், மெதுவான மசாஜ். ஐஸ் வைக்கக் கூடாது. குழாய்கள் மேலும் சுருங்கும்.

இந்த நொதி அபூர்வமான மருந்து இல்லை. கண் அறுவைக்கு முன் மரத்துப்போக ஊசி போடும்போது அதோடு கலந்து பயன்படுத்துவது பழைய வழக்கம். எனவே ‘இங்கே கிடைக்காது’ என்று ஒரு கிளினிக் சொன்னால், அவர்கள் வாங்கி வைக்கவில்லை என்று மட்டுமே பொருள். தேனீ, குளவி கொட்டி உடம்பெல்லாம் வீங்கிய அனுபவம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த விஷத்திலும் இதே வகை நொதி இருப்பதால் ஒவ்வாமை வரலாம்.

பார்வை மங்கினால்?

ஊசி போட்ட நொடியிலோ சில நிமிடங்களிலோ ஒரு கண் இருண்டுபோவது, கண்ணுக்குள் வலி, இமை தொங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, வாந்தி, வாய் கோணுவது, கை கால் மரத்துப்போவது. இதில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்தி, 108ஐ அழைத்து, கண் மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கை கால், பேச்சு பாதிக்கப்பட்டால் பக்கவாத சிகிச்சை உள்ள இடமாக இருக்கட்டும்.

ரத்தம் கிடைக்காத விழித்திரை அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்கும் முன்பே சேதம் தொடங்கிவிடும். கண்ணுக்குப் பின்னால் நொதியைச் செலுத்துவது, கண்ணை மசாஜ் செய்வது, கண் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து என்று பலதும் முயன்றிருக்கிறார்கள். சிலருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது, பெரும்பாலோருக்கு முழுமையாகத் திரும்பவில்லை. நிச்சயமாகக் குணமாக்கும் சிகிச்சை என்று இன்றுவரை ஒன்று இல்லை. கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் ‘பார்வை இழப்பு’ என்ற சொல்லே இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

சாதாரணமாக வரும் தொந்தரவுகள் என்ன?

வீக்கம், கன்றிப்போவது, தொட்டால் வலி. ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். தசைக்கு அடியில் போட்டவர்களுக்கு இரண்டு மூன்று நாள் தலைவலியும், மெல்லும்போது பொட்டில் வலியும் இருக்கும். அது மெல்லும் தசையே என்பதால் முறுக்கு, கரும்பு எல்லாம் அந்த வாரம் வேண்டாம். எலும்பை ஒட்டிப் போட்ட ஜெல் சில சமயம் கீழே கன்னப் பக்கம் இறங்கியும் வரும்.

ஹெல்மெட்டைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். இறுக்கமான ஹெல்மெட்டும் கண்ணாடியின் காம்பும் சரியாகப் பொட்டில்தான் அழுத்தும். முதல் சில நாட்களுக்கு வண்டி ஓட்டுவதையே தவிருங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், சலூனில் தலை மசாஜும் இரண்டு வாரம் தள்ளிப்போகட்டும். பாலி எல் லாக்டிக் அமிலம் போட்டவர்களுக்கு மட்டும் நேர்மாறு: ஐந்து நாள், தினமும் ஐந்து முறை, ஐந்து நிமிடம் நீவிவிடச் சொல்வார்கள்.

மாதங்கள் கழித்துக் கட்டி வருமா?

வரலாம். மூன்று நான்கு மாதம் ஒன்றும் இல்லாமல் இருந்து, காய்ச்சல், சைனஸ், பல் சீழ் என்று ஏதாவது ஒரு தொற்று வந்ததும் அந்த இடம் சிவந்து வீங்குவது உண்டு. கோவிட் தடுப்பூசி வந்த புதிதில், மாடர்னா ஆய்வில் பங்கெடுத்தவர்களில் முன்பே ஃபில்லர் போட்டிருந்த சிலருக்கு முகம் வீங்கியது செய்தியானது. மருந்தில் அடங்கிவிடும் வகைதான் அதிகம். எனவே பல் வேலையும் தடுப்பூசியும் ஃபில்லருக்கு இரண்டு வாரம் முன்னால் அல்லது பின்னால் இருக்கட்டும். வீங்கிய கட்டியை வீட்டிலேயே அழுத்திப் பிதுக்க வேண்டாம்.

யார் போட்டுக்கொள்ளக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், அந்த இடத்தில் பருவோ புண்ணோ இருப்பவர்கள், கட்டுக்குள் வராத லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் அது கலக்காத ஜெல் வேண்டும். பொட்டில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்தவர்களுக்குக் குழாய்களின் பாதை மாறியிருக்கும். தழும்பு திசுக்களைப் பிடித்து வைத்திருக்கும். முன்பு எங்கேயோ என்னவென்று தெரியாத ஃபில்லர் போட்டவர்களும் யோசிக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஃபில்லருக்காக அதை நீங்களாகவே நிறுத்தக் கூடாது. கன்றிப்போன பொட்டு பத்து நாளில் சரியாகும். இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் நிலைமையே வேறு.

யாரிடம் போவது? தகுதியை எப்படிப் பார்ப்பது?

தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ, இல்லையென்றால் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஹெச். மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மாநில மருத்துவ கவுன்சில் பதிவில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ‘ஏஸ்தெடிக் ஃபெலோஷிப்’ என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்களில் சில, சனி ஞாயிறு வகுப்பில் கிடைப்பவை. அவற்றை இந்தத் தகுதிகளுக்கு ஈடாக எண்ண வேண்டாம்.

லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது 2021 அக்டோபர் முதல் குற்றம். ஆனால் ஃபில்லர் அங்கே மருத்துவர் சீட்டு தேவைப்படும் பொருள் அல்ல, அதைக் கரைக்கும் நொதிக்கு மட்டும் சீட்டு தேவை. ஆக, போடத் தெரிந்த கையில் கரைக்கும் மருந்து இல்லாமல் போகும் விசித்திரம் அங்கே நடக்கும்.

பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். தொகுப்பு எண்ணும் காலாவதி தேதியும் உள்ள ஸ்டிக்கர் இரண்டு இருக்கும். ஒன்று உங்கள் கோப்பில், இன்னொன்று உங்கள் கையில். பாதி போட்ட சிரிஞ்சை ‘அடுத்த தடவைக்கு’ என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காசு போனால் போகட்டும்.

அப்புறம் இந்த ஒரு கேள்வி: ‘டாக்டர், ஹயலுரோனிடேஸ் இப்போது இங்கே எத்தனை குப்பி இருக்கிறது? காட்ட முடியுமா?’ சிலர் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து காட்டுவார்கள். சிலருக்குக் கோபம் வரும்.

ஊசியே இல்லாத பேனா கருவி ஆன்லைனில் கிடைக்கிறதே?

காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சும் கருவி அது. எவ்வளவு ஆழத்தில், எந்த இடத்தில் போகிறது என்பதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எஃப்.டி.ஏ. 2021இல் இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று எச்சரித்தது. உதட்டிலேயே வேண்டாம் என்கிறார்கள், பொட்டில் கேட்கவே வேண்டாம்.

அடுத்த வாரம் கல்யாணம். இப்போது போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். கன்றிப்போனால் மேக்கப்புக்கு மேலேயும் பச்சையாகத் தெரியும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய ஆனால் திருத்த நேரம் இருக்காது. நெற்றிச்சுட்டியும் பூவும் அவற்றைக் கட்டும் கயிறும் நேராகப் பொட்டில்தான் அழுத்தும். குறைந்தது ஆறு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள். பக்கத்துக்கு ஒரு சிரிஞ்ச், அதாவது 1 மி.லி. அளவுக்குள் முதல் தடவை போதும். மீதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் கரைத்துவிடலாமா?

ஹயலுரோனிக் அமிலம் என்றால் முடியும். நொதி போட்டால் ஓரிரு நாளில் பெரும்பகுதி கரைந்துவிடும். பழைய பள்ளம் திரும்பி வரும். சிலருக்கு அது முன்பைவிடக் கூடுதலாகத் தெரிவதாகத் தோன்றும், சில வாரத்தில் அந்த உணர்வும் போகும். வேறு வகை ஃபில்லர் என்றால் அதுவாகக் கரையும் வரை காத்திருப்பதுதான். பின்னால் எதற்காவது சி.டி. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், பொட்டில் கால்சியம் வகை ஃபில்லர் இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும், வேறு ஏதோ என்று நினைத்துவிடப் போகிறார்கள்.